பரிசோதனை நாளில் வெளியில் கேட்ட சத்தம்

போன மாதம் கொட்டகலையில் நாம் கூடினோம் அல்லவா, ஓய்வுபெற்ற ஆசிரிய ஆலோசகர்கள் பத்துப் பதினைந்து பேர்? பயிற்சி ஆசிரியர்களின் பாடத்தை எப்படிப் பார்ப்பது, பார்த்துவிட்டுக் குறைநிறைகளை எப்படிச் சொல்வது என்று புதியவர்களுக்கு ஒரு கையேடு எழுதித் தரக் கூப்பிட்டிருந்தார்கள். தேத்தண்ணி இடைவேளையில் உங்களில் ஒருவர் சொன்னார்: “என்னதான் சொல்லுங்க, அந்தக் காலத்துப் பரிசோதகர்மாருக்கு ஒரு கம்பீரம் இருந்திச்சு. வந்து உக்காந்தா வகுப்பே நடுங்கும்.” எல்லோரும் தலையாட்டினீர்கள். இன்னொருவர், “இரவல் புள்ளைங்கள வச்சுத் தப்பிச்ச கதையெல்லாம் மறந்து போச்சா?” என்றார். எல்லோருக்கும் அப்படி ஒரு சிரிப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோப்பையைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்தேன். பிறகு ஆளுக்கொரு பழைய நினைவு எழுதித் தரவேண்டும் என்றீர்கள். சரி, எழுதுகிறேன். இனிப்பாக இருக்காது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இரவல் பிள்ளை என்றால் என்னவென்று நமக்குத் தெரியும், இளையவர்களுக்குத் தெரியாது. பரிசோதகர் வருகிற அன்று, அவர் பார்க்கப்போகிற வகுப்பிலிருந்து மக்குப் பிள்ளைகள் என்று பெயரெடுத்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, மேல் வகுப்பிலிருந்து கெட்டிக்காரப் பிள்ளைகளை இரவல் வாங்கி அந்த இடத்தில் உட்கார வைப்பது. நம் மலையகத் தேயிலைத் தோட்டப் பிள்ளைகள் எல்லாம் வயதுக்குச் சின்ன உருவம், பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஊருக்கே தெரியும், பரிசோதகருக்கு மட்டும் தெரியாது. தெரிந்தும் பேசாமல் இருந்தார்களோ என்னவோ. நான் அப்படி ஓர் இரவல் பிள்ளை.

எங்கள் பள்ளிக்கூடம் ஒரே மண்டபம். மேலே தகரம், சுற்றிவர இடுப்பளவு சுவர், அதற்கு மேல் வெட்டவெளி. ஐந்து வகுப்பும் அதற்குள்தான். மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு சொன்னால் ஐந்தாம் வகுப்புக்குக் காது அடைக்கும். மழை பெய்தால் ஒருவருக்கும் ஒன்றும் கேட்காது. ஈரமான கம்பளிச் சட்டையும் மண்ணெண்ணெயும் தலைக்கு வைத்த தேங்காயெண்ணெயும் சேர்ந்த ஒரு வாடை எந்நேரமும் நிற்கும். ஐந்து வகுப்புக்கும் ஒரே ஆசிரியர், தலைமை ஆசிரியர். அவரைப் பெரிய சேர் என்போம். சின்ன சேர் என்று ஒருவர் இருந்ததே இல்லை.

நான் ஐந்தாம் வகுப்பு, வகுப்பிலே முதல் பிள்ளை. தங்கச்சி மூன்றாம் வகுப்பு, உட்காருவது கடைசி வாங்கில். அந்த வாங்கில் நாலு பேர். அவர்களுக்குப் படிப்பு ஏறாது என்று பெரிய சேர் முடிவுகட்டி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதனால் அவர்களுக்கு வேறு பாடம் வைத்திருந்தார். பள்ளித் தோட்டத்தில் புல் பிடுங்குவது, அவருக்கு வெற்றிலை வாங்கி வருவது, மண்டபத்தைக் கூட்டுவது. அம்மா பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கிற இடத்தில் ஒருநாள் நின்றபோது, பெரிய சேர் வந்து “மூத்தது தங்கம், எளையது தகரம்” என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா அதை நாங்கள் குடியிருந்த லயம் முழுக்கச் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். தங்கச்சி பக்கத்தில்தான் நின்றாள். அம்மாவைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். வாத்தியார் வாயால் வந்தது சாமி வாக்கு என்று நம்பிய ஜனங்கள். அந்த நம்பிக்கையில்தான் அந்த ஆள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த மழைக்காலத்தில்தான் பயிற்சி டீச்சர் வந்தார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து ஒரு பள்ளித் தவணைக்கு எங்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துப் பழக அனுப்பியிருந்தார்கள். லிந்துலைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். அவர் அம்மாவும் கொழுந்து பறிக்கிறவர்தான். பஸ்ஸில் இறங்கி இரண்டு மைல் மேடு ஏறி வருவார். சேலைக் கரை முழங்கால்வரை நனைந்திருக்கும். வந்தவுடன் கரையைப் பிழிந்துவிட்டு, கைப்பையிலிருந்து பலகையில் எழுதுகிற வெண்கட்டியை எடுப்பார். பெரிய சேர் வெண்கட்டியைப் பூட்டி வைத்திருந்தபடியால் அவர் தன்னுடையதைக் கொண்டுவந்தார். லயத்துப் பெண் டீச்சராகலாம் என்பதே எங்களுக்குப் புதினம். நான் ஐந்தாம் வகுப்பிலிருந்து வாயைப் பிளந்துகொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவருக்குக் கொடுத்தது மூன்றாம் வகுப்பு. வந்து இரண்டு மூன்று நாளிருக்கும். பிள்ளைகளுக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டு, நேரே கடைசி வாங்குக்குப் போய், “கொஞ்சம் தள்ளு கண்ணு” என்று தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்தார். கரும்பலகையைப் பார்த்தார். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

“இங்கருந்து பாத்தா பலகையில ஒண்ணுமே தெரியலயே! வெளிச்சம் அடிக்குதே!”

“ஆமாங்க டீச்சர்” என்றாள் தங்கச்சி.

“எப்பவுமா?”

“எப்பவும்தாங்க டீச்சர்.”

“ஏன் கண்ணு யார்கிட்டயும் சொல்லல?”

“யாரும் கேக்கலீங்க டீச்சர்.”

இரண்டு வருஷம். சுவருக்கு மேலே வெட்டவெளி, அங்கேயிருந்து வந்த வெளிச்சம் பலகையில் பட்டு, கடைசி வாங்குக்கு வெறும் பளபளப்புத்தான் தெரிந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க என்ன பெரிய வித்தை வேண்டும்? போய் அந்த வாங்கில் ஒரு நிமிஷம் குந்தினால் போதும். பெரிய சேர் இரண்டு வருஷத்தில் ஒருதரம்கூட அங்கே குந்தவில்லை.

டீச்சர் அன்றைக்கே வாங்குகளைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டார். பெரிய சேர் வந்து, “என்னா இது, கலியாண வீட்டுப் பந்தி மாதிரி?” என்று கேட்டார். டீச்சர் காரணம் சொன்னார். அவர் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

இன்னொரு பழக்கமும் டீச்சருக்கு இருந்தது. மணி அடிக்க முன்னால் பிள்ளைகளைப் பார்த்து, “இன்னைக்கு நான் சொன்னதுல எது வெளங்கல?” என்று கேட்பார். முதல் நாட்களில் ஒரு வாயும் திறக்கவில்லை. அப்படி ஒரு கேள்வியை எங்கள் பள்ளிக்கூடத்தில் யாரும் கேட்டதில்லையே. பிறகு ஒருநாள் தங்கச்சி எழும்பி, “நீங்க பலகையப் பாத்தே பேசுறீங்க டீச்சர். எங்களப் பாத்துப் பேசினா நல்லாக் கேக்கும்” என்றாள். இவளுக்கு இன்றைக்கு விழப்போகிறது என்று நினைத்தேன். டீச்சர் தன்னுடைய பாடக்குறிப்புக் கொப்பியைத் திறந்து அதை எழுதிக்கொண்டார். அடுத்த நாளிலிருந்து முதலில் எழுதி முடித்து, வெண்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளைகள் பக்கம் திரும்பித்தான் பேசினார். எட்டு வயதுப் பிள்ளை சொன்ன குறையை அப்படி எடுத்துக்கொண்டவர். நம்மில் எத்தனை பேர் எடுத்துக்கொண்டிருப்போம்? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்.

கடைசி வாங்கு நாலு பேருக்கும் அவர் பாடப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டார். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, “காலையில எந்திரிச்சதுலருந்து என்னா செஞ்ச, சொல்லு” என்பார். அவர்கள் சொல்லச் சொல்ல, அதே சொல்லில், தேயிலைப் பெட்டிக்குள் வைக்கிற பழுப்பு மட்டையில் பெரிய எழுத்தில் எழுதுவார். சொன்ன பிள்ளைக்கு அதுதான் பாடப்புத்தகம். தங்கச்சி சொன்னது எனக்கு இன்னும் வரிக்கு வரி மனப்பாடம்:

“பீலித் தண்ணி கையக் கடிக்கும். அம்மா பெரட்டுக்குப் போறதுக்கு முன்ன நான் ரெண்டு வாளி தூக்குவேன். பனி எறங்கினா பாதை தெரியாது. அப்ப நான் சத்தமாக் கத்துவேன். அக்கா லயத்துலருந்து பதில் குடுக்கும். நான் அந்தப் பக்கமா வந்திருவேன்.”

அது உண்மை. விடியற்காலையில் அம்மா பெரட்டுக்கு, அதுதான் ஆட்களைக் கணக்கெடுத்து வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்துக்கு, ஓடுவாள். அதற்குள் தங்கச்சி வாளியோடு மலைத் தண்ணீர் விழுகிற பீலிக்குப் போவாள், நான் அடுப்பு மூட்டுவேன். எங்கள் மலையில் பனி இறங்கினால் நீட்டிய கை தெரியாது. “அக்கோவ்!” என்று அவள் கீழேயிருந்து கத்துவாள். “இந்தா இருக்கேன்!” என்று நான் வாசலில் நின்று கத்துவேன். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அவள் மேலே வருவாள்.

அந்த மட்டையை அவள் அடுப்படிக்கும் கொண்டுவந்தாள். ரொட்டி சுடும்போது ஒரு கண் மட்டையில். எழுத்தைத் தொட்டுத் தொட்டு வாசிப்பாள். ஒருநாள் அதை வைத்துவிட்டு, அடுப்பில் சுருட்டிப் போட வைத்திருந்த பழைய பேப்பரை எடுத்து அதில் ‘பாதை’ என்ற சொல்லைக் கண்டுபிடித்துவிட்டாள். “அக்கா, என் பாத இதுலயும் இருக்கு!” என்று குதித்தாள். தகரம் என்று சொன்ன பிள்ளை. நான் என்ன செய்தேன் தெரியுமா? “இது என்னா பெரிய காரியம்” என்றேன். வீட்டில் ஒரு தங்கம் போதும் என்று எனக்கு உள்ளுக்குள் இருந்திருக்க வேண்டும்.

இனிப் பரிசோதகர். அவர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து வருவார். கறுப்புக் குடை, கறுப்பு ஃபைல், மழையிலும் மினுங்குகிற சப்பாத்து. இரண்டு தரம் வந்து பாடம் பார்த்திருந்தார். இரண்டு தரமும் ‘போதாது’ என்று எழுதினார். என்ன போதாது என்று எழுதவில்லை. டீச்சர் குடைக்குப் பின்னாலேயே போய், “நான் எத மாத்தணும் சேர்?” என்று கேட்டதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். “அனுபவத்தில் வரும்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். இரண்டு மைல் மேடு ஏறி வந்தவர், வந்த காரியத்தைச் செய்யாமலே போனார். சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா இருந்தாலாவது தொல்லையில்லை.

மூன்றாவது பரிசோதனைதான் கடைசி. அதிலும் ‘போதாது’ என்றால் அந்த வருஷப் பயிற்சி முழுவதும் வீண், முதலிலிருந்து தொடங்க வேண்டும். டீச்சர் பெரிய சேரிடம் சொன்னது மண்டபம் முழுக்கக் கேட்டது. “இன்னொரு வருஷத்துக்கு வீட்டுல விடமாட்டாங்க சேர். இந்தத் தடவ கடைசி வாங்குப் புள்ளைங்களத்தான் வாசிக்க வைக்கப் போறேன். அவங்க வாசிக்கிறத அவரு பாத்தாப் போதும்.”

பெரிய சேர் முகத்தில் ஈயாடவில்லை. கடைசி வாங்கை நம்பி ஒரு பெண் தன் வேலையைப் பணயம் வைக்கிறது, அவருக்கு அது பைத்தியக்காரத்தனம். அவர் கெட்டவரில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். டீச்சரைக் காப்பாற்றத்தான் நினைத்தார். பரிசோதனைக்கு முதல்நாள் டீச்சர் போனபிறகு என்னையும் இன்னும் மூன்று பேரையும் கூப்பிட்டார்.

“நாளைக்கு நீங்க நாலு பேரும் மூணாம் வகுப்பு. டீச்சருக்குச் சொல்லப்படாது, அது பயந்துக்கிரும். டீச்சர் கடைசி வாங்குல பேரச் சொல்லிக் கூப்பிட்டா, அந்த எடத்துல இருக்கிறவங்க எந்திரிச்சு மட்டையப் பாத்து வாசிக்கணும். நல்லா, வேகமா. என்னா புள்ள, உன் தங்கச்சி பேரச் சொன்னா?”

“நான் எந்திரிப்பேன் சேர்.”

சாயங்காலம் அம்மாவுக்கும் செய்தி போயிருந்தது. “என் மூத்தவ எந்த வகுப்புல வேணும்னாலும் உக்காருவா!” என்று பக்கத்து வீட்டுக் காம்பராவுக்குக் கேட்கச் சொன்னாள். தங்கச்சி பீலியில் இருந்தாள், அவளுக்குத் தெரியாது. வந்து வெள்ளைச் சட்டையை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்தாள், மடிப்பு விழட்டும் என்று. நான் சொல்லவில்லை. பயந்து சொல்லாமல் இருந்தேன் என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். ஆனால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதனால்தான் சொல்லவில்லை.

காலையில் நாங்கள் போகும்போது பெரிய சேர் மண்டபத்து வாசலில் நின்றார். உள்ளே வாங்குகளைப் பழையபடி நேராகத் திருப்பிப் போட்டிருந்தார். பரிசோதகர் கண்ணுக்கு ஒழுங்காகத் தெரிய வேண்டுமாம்.

“நீங்க நாலு பேரும் மம்பட்டிய எடுத்துக்கிட்டுத் தோட்டத்துக்குப் போங்க. கேரட் பாத்தியில புல்லு மண்டிக் கெடக்கு.”

“சேர், நான் இன்னைக்கு வாசிக்கணும்” என்றாள் தங்கச்சி.

“அக்கா வாசிக்கும். போ.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் செருப்பில் ஒட்டியிருந்த மண்ணைச் சுவரில் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

டீச்சர் வந்தபோது பரிசோதகரும் கூடவே வந்துவிட்டார். ஒரே பஸ். டீச்சருக்கு மூச்சு வாங்கக்கூட நேரமில்லை. மூன்றாம் வகுப்புப் பக்கம் திரும்பினார், கடைசி வாங்கில் எங்கள் நாலு பேரையும் பார்த்தார். பெரிய சேர் தூரத்தில் நின்று, எல்லாம் சரி என்பதுபோல் கண்ணைக் காட்டினார். பரிசோதகர் ஏற்கெனவே எங்களுக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ஃபைலைத் திறந்துவிட்டார். டீச்சர் என்ன செய்ய முடியும்? உண்மையைச் சொன்னால் தலைமை ஆசிரியரின் மானம் போகும். அவர் கையெழுத்தும் டீச்சருக்கு வேண்டும். பாடத்தைத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து மழையும் தகரத்தில் பிடித்துக்கொண்டது.

கடைசி வாங்கின் முறை வந்தது. டீச்சர் தங்கச்சியின் மட்டையைக் கையில் எடுத்தார். பிறகு அவள் பெயரைச் சொன்னார்.

நான் எழும்பினேன்.

மழை சற்று ஓய்ந்திருந்தது. மட்டையை வாங்கிக் கடகடவென்று வாசித்தேன். பீலித் தண்ணி, ரெண்டு வாளி, பனி, கத்துவேன். அடுத்த வரி, “அக்கா லயத்துலருந்து பதில் குடுக்கும்.” அந்த இடத்தில் என் நாக்கு நின்றது. அக்கா எங்கே என்று இந்த மனுஷன் கேட்டால் என்ன சொல்வேன்? அவளுடைய அக்கா நான்தானே, அவளுடைய இடத்தில் நிற்கிறேனே. அரை வினாடிதான். அந்த வரியை விட்டுவிட்டு, “நான் அந்தப் பக்கமா வந்திருவேன்” என்று முடித்தேன்.

உடனே சுவருக்கு வெளியேயிருந்து ஒரு சத்தம்.

“அக்கா லயத்துலருந்து பதில் குடுக்கும்!”

தங்கச்சி. கேரட் பாத்தியில் நனைந்துகொண்டு, வெள்ளைச் சட்டையெல்லாம் மண்ணாக, சுவருக்கு மேலே தலை மட்டும் தெரிய நின்றாள். மறுபடியும் சொன்னாள், முதல் வரியிலிருந்து, ஒரு வரி பிசகாமல், ஆறு வரியும். பெரிய சேர் “ஏய்! ஏய்!” என்று கையை வீசிக்கொண்டு ஓடினார். டீச்சர் வாயில் கையை வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். பரிசோதகர் தலையைத் திருப்பி அந்தப் பக்கம் பார்த்தார், பிறகு குனிந்து ஏதோ எழுதினார். நிமிர்ந்து என்னிடம் கேட்டார்:

“இது நீயே சொன்னதா?”

“ஆமா சேர்” என்றேன்.

பாடம் முடிந்தது. பெரிய சேருடைய மேசையில் பரிசோதகருக்குத் தேத்தண்ணியும் இரண்டு வாழைப்பழமும் வைத்திருந்தார்கள். பழத்தை உரித்துக்கொண்டே எழுதியதை டீச்சருக்கு வாசித்துக் காட்டினார். மண்டபம் முழுவதும் கேட்டது. “குரல் போதாது. கரும்பலகை எழுத்துத் தெளிவில்லை. மொழி கொச்சை. மாணவர் ஒப்புவிப்பது முன்னரே மனனம் செய்தது. வெளிச் சத்தம் கட்டுப்படுத்தப்படவில்லை. போதாது.”

நாம் கையேடு எழுதப் போகிறோம் அல்லவா, இதை எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள். குரல் போதவில்லை, ஏனென்றால் தகரத்தில் மழை. பலகை தெரியவில்லை, ஏனென்றால் வாங்கைப் பழையபடி திருப்பிப் போட்டுவிட்டார்கள். அந்த மனுஷனும் அதே கடைசி வரிசையில்தான் குந்தியிருந்தார், அவர் கண்ணிலும் அதே பளபளப்புத்தான் அடித்தது. எனக்கு ஏன் பலகை தெரியவில்லை என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எல்லாம் வெளியே வந்திருக்கும். மனனம் என்று சந்தேகப்பட்டாரே, பிள்ளைகளிடம் வேறொரு மட்டையைக் கொடுத்துப் பார்த்தாரா? எல்லாவற்றையும் பார்த்தார், ஒன்றையும் கேட்கவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் அந்தத் தவணை நடந்த ஒரே அதிசயம், எழுத்தே தெரியாது என்று தள்ளிவைத்த பிள்ளை மழையில் நின்று ஒரு வாசிப்பைத் திருத்தியது. அதை அவர் சத்தம் என்று எழுதினார். இதற்குப் பெயரா கம்பீரம்?

“எழுதினது வெளங்குது சேர்” என்றார் டீச்சர். “ஏன்னு சொன்னீங்கன்னா...”

“அடுத்த வருஷம் முயற்சி செய்யுங்கள்” என்று குடையை எடுத்தார்.

பெரிய சேருக்கு முகம் வெளிறிவிட்டது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு பிடித்த கதை. அப்போதாவது ஓடிப்போய், இது என்னுடைய வேலை, இந்தப் பிள்ளை மூன்றாம் வகுப்பே இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டீச்சர் நேரே கேரட் பாத்திக்குப் போனார். நான் சுவரோரமாக நின்று கேட்டேன்.

“நீ சொன்னது எனக்குக் கேட்டுச்சு கண்ணு. ஒரு வரி தப்பல. இந்தா, இது ஒன்னோடது.” மட்டையைத் தங்கச்சியின் ஈரக் கையில் கொடுத்தார். என்னிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு அறை விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தவணை முடிய இன்னும் நாள் இருந்தது, அவர் வரவில்லை. பயிற்சியை விட்டுவிட்டு எங்கோ ஒரு புடைவைக் கடையில் நிற்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் ஆசிரியையாகி, ஆலோசகராகி, ஊர் ஊராகத் திரிந்த காலத்தில் எத்தனையோ பேரிடம் விசாரித்தேன், கிடைக்கவில்லை. மட்டை அடுத்த மழையில் கூரை ஒழுகி ஊறிப்போய், அம்மா அதை அடுப்பில் வைத்தாள்.

அந்தப் பரிசோதனைக்கு மறுநாள் விடியற்காலையில் பனி இறங்கியிருந்தது. தங்கச்சி வாளியோடு பீலிக்குப் போனாள். நான் வாசலில் நின்றேன். சத்தமில்லை. “இந்தா இருக்கேன்!” என்று நானாகக் கத்தினேன். பதில் இல்லை. வெகுநேரம் கழித்து அவள் தானாகவே வழி கண்டுபிடித்து வந்து வாளியை வைத்தாள். அதற்குப் பிறகு அவள் பனியில் என்னைக் கூப்பிட்டதே இல்லை. அந்த வருஷ முடிவோடு பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை. படிப்பு ஏறவில்லை என்று பெரிய சேர் அம்மாவுக்குச் சொன்னார், அம்மா நம்பினாள். தங்கச்சி முதலில் பிள்ளைக் காம்பராவில் வேலைக்குப் போகிறவர்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டாள், பிறகு நாற்பது வருஷம் கொழுந்து.

பரிசோதகர்மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டுத் தப்பப் போகிறேன் என்று நினைக்காதீர்கள். டிக்கோயாப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நானே பின்னால் குந்திக்கொண்டு, ‘வெளிச் சத்தம் அதிகம்’ என்று எழுதியிருக்கிறேன். எழுந்து போய் அது என்ன சத்தம் என்று பார்க்கவில்லை. அன்று எனக்கு முதுகு வலி. அந்தப் பயிற்சி ஆசிரியரும் பேசாமல் வாங்கிக்கொண்டு போனார். நாம் எல்லோரும் ஒரே ஃபைலைத்தான் கைமாற்றிக் கைமாற்றி வைத்திருக்கிறோம்.

கொட்டகலைக் கூட்டம் முடிந்த கையோடு நான் தோட்டத்துக்குப் போனேன். தங்கச்சி அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். “ஏன் மூஞ்சி இப்பிடி இருக்கு?” என்றாள். இரவல் பிள்ளைகள் என்று நீங்கள் சிரித்ததைச் சொன்னேன். பெரிய சேரைத் திட்டினேன், பரிசோதகரைத் திட்டினேன், உங்களையும் விடவில்லை. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மாவைத் தட்டினாள். அந்த நாளைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

“அதெல்லாம் சரி” என்றாள். “அந்த ஒரு வரிய ஏன் விட்ட? பெரிய சேர் விடச் சொன்னாரா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பெரிய சேர் செத்து இருபது வருஷத்துக்கு மேலே. யார் வந்து மறுக்கப் போகிறார்கள்?

“இல்ல” என்றேன். “அவரு சொல்லல. நானாத்தான் விட்டேன்.”

“தெரியும்” என்றாள். “நீ சொல்றியான்னுதான் இத்தன காலமும் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

சொல்லிவிட்டு ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.